வெள்ளிக் கரண்டியின் முத்திரைகள்

என் மேசை இழுப்பறையில் ஒரு வெள்ளி முட்கரண்டி இருக்கிறது. பழைய ஆங்கில வெள்ளிப் பண்டங்களைச் சேர்க்கத் தொடங்கியபோது, இலண்டன் கடை ஒன்றில் நான் வாங்கிய முதற்பொருள் அதுவே. முத்திரைகளைப் படிக்கக் கற்றுவிட்டால் ஏமாற வழியில்லை என்று அப்போது எண்ணியிருந்தேன்.

அம்முத்திரைகள் சுவையானவை. ஸ்டெர்லிங் என்பது ஆயிரம் பங்கில் 925 பங்கு வெள்ளி. எஞ்சியது பெரும்பாலும் செம்பு. தூய வெள்ளி மென்மையானது. உறுதிக்காகவே செம்பு சேர்க்கிறார்கள். இம்மாற்றுக்குக் குறையாத பண்டத்தில் சிறுத்தைத் தலை பொறிக்கவேண்டும் என்று 1300-ல் முதலாம் எட்வர்டு மன்னரின் சட்டம் விதித்தது. நாளடைவில் அத்தலை இலண்டனின் அடையாளமாயிற்று. நங்கூரமாயின் பர்மிங்காம். நடக்கும் சிங்கம் ஸ்டெர்லிங் மாற்றுக்குச் சான்று. 1478 முதல் ஆண்டுக்கோர் எழுத்தும் சேர்ந்தது. இலண்டனில் இருபது எழுத்துக்கள் முடிந்ததும், எழுத்தின் வடிவத்தையோ அதைச் சூழ்ந்த கேடயத்தையோ மாற்றி மறுபடி தொடங்கி வந்தனர். அரசரின் தலை காணப்பட்டால், அது 1784-க்கும் 1890-க்கும் இடையே வரி செலுத்திய பண்டம். செய்தவரின் முதலெழுத்துக்களும் உண்டு. கணவரை இழந்தபின் 1761-ல் தம் முத்திரையைப் பதிவு செய்துகொண்ட ஹெஸ்டர் பேட்மன் அம்மையாரின் எழுத்துக்களைத் தேடி அலைவோர் இன்றும் பலர். அவர்களுள் நானும் ஒருவன்.

என் முட்கரண்டியில் முத்திரைகள் யாவும் குறைவின்றி இருந்தன. சில மாதங்கள் சென்றபின், நண்பர் ஒருவர் அதே காலத்து முட்கரண்டி ஒன்றை என் கையில் வைத்தார். கண்ணுக்குத் தெரியாததைக் கை உணர்ந்துகொண்டது. அவருடையது கனம், என்னுடையது இலேசு. அதன் பற்களோ தகடுபோல் மெலிந்திருந்தன.

அது கரண்டியாகப் பிறந்தது! பழைய முட்கரண்டிகள் கரண்டிகளைவிட அரியவை; விலையும் மிகுதி. ஆதலால் கரண்டியின் குழியைத் தட்டித் தட்டையாக்கிப் பற்களாக அறுத்துவிடுவாருண்டு. குழியின் மெல்லிய தகட்டிலிருந்து திண்ணிய பற்கள் எங்ஙனம் வரும்? காம்பிலுள்ள முத்திரைகளை எவரும் தொடுவதில்லை; அவை மெய்யானவையே. சிங்கம் வெள்ளியின் மாற்றுக்குத்தான் சான்று கூறும். பின்னர் உருவம் மாறியதை அது அறியாது. எளிய பழங்கரண்டிகளில் பிற்காலத்தார் பழங்களையும் இலைகளையும் புடைப்பாக அமைத்ததும் இத்தகையதே. ஆயின் அது ஏமாற்றும் நோக்கமன்று. விக்டோரியா காலத்து அலங்கார மோகம்.

பொருளைத் திருப்பிக் கொடுத்தேனா என்று கேட்பீர்கள். இல்லை. முட்கரண்டி வாங்கச் செல்லும்போதெல்லாம் அதைச் சட்டைப்பையில் எடுத்துச் செல்கிறேன். ஒரு கையில் அதையும், மறு கையில் கடைக்காரர் காட்டுவதையும் வைத்துக் கனம் பார்ப்பதற்காக.