கடைக்காரம்மா என்பவர் யார்?

தமிழில் ‘கடைக்காரம்மா’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. கடை நடத்தும் பெண் என்பது ஒன்று. கடைக்காரரின் மனைவி என்பது மற்றொன்று. வாத்தியாரம்மா, டாக்டரம்மா போன்ற சொற்களிலும் இதே மயக்கம் உண்டு. ஆனால் பள்ளிக்கூடத்துக்குப் போய் விசாரித்தால், அந்த அம்மா பாடம் நடத்துகிறாரா, பாடம் நடத்துபவரின் மனைவியா என்பது உடனே தெரிந்துவிடும். கடையில் அப்படித் தெரியாது. விடிவதற்குள் பால் பாக்கெட்டை எண்ணி வாங்கி வைப்பதில் தொடங்கி, இரவு ஷட்டரை இறக்கும் வரை வீட்டுக்கும் கல்லாவுக்கும் நடந்துகொண்டே இருக்கும் பெண்ணை ஊரே கடைக்காரம்மா என்றுதான் கூப்பிடுகிறது. எந்தப் பொருளில் கூப்பிடுகிறோம் என்று யாரும் யோசிப்பதில்லை. சிறு நகரத்து மளிகைக் கடையைப் பற்றிய இந்தத் தொடரில், இந்த வாரம் அந்த முதல் பொருளுக்காக வாதாட வேண்டியிருக்கிறது. வீட்டோடு ஒட்டிய கடையில் அவர் கணவருக்கு ஒத்தாசை செய்பவர் அல்ல, அந்தக் கடையின் இன்னொரு முதலாளி என்பது என் கருத்து. காகிதங்கள் அவரை ஒத்தாசைக்காரராகவே எழுதி வைத்திருப்பதால், அவர் உழைப்பில் சேர்ந்த சொத்தில் உழைத்தவர் என்ற முறையில் அவருக்குப் பங்கு கிடைப்பதில்லை.

முதலில் அரசு அவரை எப்படி எண்ணுகிறது என்று பார்க்கலாம். வீட்டுக்கு வந்து “நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள்?” என்று கேட்கும் கணக்கெடுப்பாளரிடம், “சும்மாதான் இருக்கேன், வீட்டு வேலைதான்” என்று சொல்லும் பெண்கள் எத்தனையோ பேர். இந்தக் குறை அரசுக்குத் தெரியாதது அல்ல. 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான், குடும்ப நிலத்திலோ குடும்பத் தொழிலிலோ கூலி வாங்காமல் செய்யும் வேலையும் வேலைதான் என்பதைக் கேள்வியிலேயே வெளிப்படையாகச் சேர்த்தார்கள். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு, 1988இல், இளா பட் தலைமையிலான ஆணையம் ‘ஸ்ரம்சக்தி’ என்ற அறிக்கையைக் கொடுத்திருந்தது. சுயதொழிலிலும் அமைப்புசாராத் தொழிலிலும் உள்ள பெண்களின் உழைப்பு கண்ணுக்குத் தெரியாமல் போவதை அது விரிவாகப் பேசியது. 2017 முதல் நடந்துவரும் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பில் இத்தகையவர்களுக்குத் தனிக் குறியீடே இருக்கிறது: 21. குடும்பத் தொழிலில் சம்பளம் இல்லாத உதவியாளர் என்று அதற்குப் பொருள். ஆக, அவர் உழைப்பாளி என்பதை அரசு ஏற்றுக்கொண்டுவிட்டது. அந்த அளவுக்கு முன்னேற்றம்தான். சிக்கல் ‘உதவியாளர்’ என்ற சொல்லில் இருக்கிறது. தொழிலைத் தாமே நடத்தாமல், அதை நடத்தும் உறவினருக்குத் துணையாக இருப்பவரே உதவியாளர் என்கிறது இந்த வரையறை. உலகத் தொழிலாளர் அமைப்பின் புள்ளியியலாளர் மாநாடு 2018இல் வகுத்த வகைப்பாடும் கிட்டத்தட்ட இதே உரைகல்லைத்தான் வைக்கிறது: தொழிலைப் பற்றிய முக்கிய முடிவுகளை எடுப்பவர் யார்? நல்ல கேள்வி. அதை ஏற்றுக்கொண்டே மேலே போகலாம்.

மளிகைக் கடையில் முக்கிய முடிவுகள் என்று எவற்றைச் சொல்வது? மொத்தக் கடையில் என்ன விலைக்கு எடுப்பது என்பது ஒன்று. அதற்காகக் கணவர் காலையிலேயே டவுன் மார்க்கெட்டுக்கோ மண்டிக்கோ கிளம்பிவிடுகிறார். அவர் சரக்கோடு திரும்பும் வரை கடை யார் கையில் இருக்கிறது? ஏஜென்சி வண்டி வந்து நின்று, இந்த வாரம் சோப்பு எத்தனை டஜன், பிஸ்கட் எத்தனை பெட்டி என்று கேட்கும்போது பதில் சொல்பவர் யார்? எது தேங்குகிறது, எந்தப் பாக்கெட்டுக்குத் தேதி முடியப் போகிறது, எந்த ஷாம்பூச் சரம் வெயில் நாளில் வேகமாகத் தீரும் என்பதெல்லாம் தட்டின் முன்னால் நிற்பவருக்குத்தான் தெரியும். எல்லாவற்றையும்விடப் பெரிய முடிவு, யாருக்குக் கடன் கொடுப்பது என்பது. மாதச் சம்பளக்காரர் வீடு எது, சனிக்கிழமைக் கூலி வீடு எது, வேலை இல்லாமல் மூன்று வாரமாகச் சும்மா இருக்கும் வீடு எது, குடித்துவிட்டுக் கூலியைத் தொலைக்கும் ஆள் யார், அந்த வீட்டில் கேட்டால் தவறாமல் கொடுத்துவிடும் மருமகள் யார் என்ற விவரங்கள் எந்த நோட்டிலும் எழுதப்படுவதில்லை. கடைக்கு வரும் பெண்களிடம் பேசுகிற பேச்சில் சேர்பவை அவை. வங்கியில் இந்த வேலைக்கென்று ஓர் அதிகாரியும் ஒரு மேசையும் உண்டு. இங்கே அந்த மதிப்பீடு, அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்த பெண்ணின் தலைக்குள் நடக்கிறது. தவறாகக் கொடுத்தால் முதல் போகும். கொடுக்காமலே இருந்தால் வாடிக்கை போகும். வரையறை கேட்கும் முடிவு இதைவிட வேறு எது?

இன்னும் ஒரு படி போகலாம். ரஷ்யப் பொருளாதார அறிஞர் அலெக்சாண்டர் சயானோவ், குடும்ப உழைப்பில் நடக்கும் விவசாயத்தைப் பற்றி 1920களில் எழுதியபோது ஓர் உண்மையைச் சுட்டினார். கூலி ஆள் இல்லாத பண்ணையில் கூலிச் செலவு என்ற கணக்கே கிடையாது. ஆகவே லாபம் என்று தனியாக எதையும் பிரித்து எடுக்க முடியாது. ஆண்டு முடிவில் மிஞ்சுவது உழைப்பின் பலனும் லாபமும் கலந்த ஒரே தொகை. நம் ஊர் மளிகைக் கடைக்கும் இது அப்படியே பொருந்தும். பக்கத்திலேயே சூப்பர் மார்க்கெட் வந்த பிறகும், கைப்பேசியில் ஆர்டர் எடுத்து வீட்டுக்கே சாமான் கொண்டுவருபவர்கள் வந்த பிறகும் இந்தக் கடைகள் ஏன் மூடிவிடவில்லை என்று பலரும் வியக்கிறார்கள். விளக்கம் இந்தக் கலவைத் தொகையில்தான் பெரும்பாலும் இருக்கிறது. நாளொன்றுக்குப் பதினைந்து, பதினாறு மணி நேரம் திறந்திருக்கும் கடைக்கு ஆள் போட்டு இரண்டு சம்பளம் கொடுத்துப் பாருங்கள். லாபம் என்று கருதிய தொகையில் எவ்வளவு மிஞ்சும்? கடையின் லாபத்துக்குள் அவருடைய எழுதப்படாத சம்பளம் இருக்கிறது. அந்தச் சம்பளம் ஆண்டுதோறும் சரக்காக மாறிக் கடைக்குள்ளேயே நிற்கிறது. முதல் போட்டவரை முதலாளி என்கிறோம் என்றால், இதுவும் முதல்தான்.

இதற்கு ஒரு மறுப்பு வரும். அவர் கடையில் முழு நேரமும் இருப்பதில்லையே, சமையலுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே வந்து போகிறவர்தானே? நியாயமான கேள்விதான். 2019இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள். ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம். 2024 கணக்கெடுப்பில் அது 289, 88 என்று மாறியது. இடைவெளி ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. கடைக்காரம்மா இந்த ஐந்து மணி நேரத்தையும் கழித்துக் கொடுத்துவிட்டுத்தான் கடைக்கு வருகிறார் என்று நினைப்பதுதான் பிழை. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. அந்தக் கணக்கெடுப்பு நாளை அரை மணிக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் பத்து நிமிடமாவது நீடித்த வேலைகளைத்தான் எழுதிக்கொள்கிறது. இரண்டு ரூபாய் ஷாம்பூவும் கால் கிலோ ரவையும் எடுத்துக் கொடுக்கப் பத்து நிமிடம் ஆகாது. அரை மணியில் ஆறு பேர் வந்து போனாலும், இடையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தால் அந்த அரை மணி கீரைக்குத்தான் போய்ச் சேரக்கூடும். கூப்பிட்ட குரலுக்கு ஆள் இருப்பதுதான் சிறு கடை விற்கும் முதன்மையான சரக்கு. அதை அவர் வீட்டு வேலையின் நடுவிலும் விற்றுக்கொண்டே இருக்கிறார்.

அடுத்த மறுப்பு இதைவிடக் கனமானது. ஒரே குடும்பம், ஒரே கல்லா. பணம் பிள்ளைகளுக்குத்தானே போகிறது, இதில் உன் பங்கு என் பங்கு என்ன? குடும்பம் ஒன்றாக இருக்கும் வரை இந்தப் பேச்சு எடுபடும். ஆனால் கடன் வாங்கும்போது மட்டும் பெயர் பிரிந்துவிடுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989இல் தருமபுரியில் தொடங்கின. இன்று ஊர்தோறும் குழுக்கடன் உண்டு. தீபாவளிச் சரக்குக்கோ பொங்கல் சரக்குக்கோ பணம் போதாதபோது குழுவில் கையெழுத்துப் போடுபவர் மனைவி. அந்தப் பணம் போய்ச் சேரும் கடையின் வாடகை ஒப்பந்தம், உரிமம், வங்கிக் கணக்கு, கல்லா மேலே ஒட்டியிருக்கும் கியூஆர் அட்டை எல்லாம் பல கடைகளில் கணவர் பெயரில். தவணை தவறினால் குழுப் பெண்கள் முன்னால் தலைகுனிந்து நிற்பவர் மனைவிதான். கணவர் இறந்துபோனால் நிலைமை இன்னும் தெளிவாகிவிடும். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உயில் இல்லாதபோது மனைவிக்கும், ஒவ்வொரு பிள்ளைக்கும், இறந்தவரின் தாய்க்கும் சம பங்கு. முப்பது ஆண்டு கடையில் நின்றவருக்கும், வெளியூரில் வேலைக்குப் போய் எப்போதாவது வந்துபோகும் மகனுக்கும் ஒரே அளவு. வாரிசு என்ற முறையில் அது நியாயம்தான். கட்டியெழுப்பியவர் என்ற முறையில் தனியாக வரவேண்டிய பங்குக்கு அந்தச் சட்டத்தில் இடமே இல்லை.

நீதிமன்றம் இந்த இடைவெளியைக் கண்டிருக்கிறது. கணவர் வெளிநாட்டில் சம்பாதித்து அனுப்ப, மனைவி இங்கே வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு வழக்கில், 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி தீர்ப்பளித்தார். மனைவியின் பங்களிப்பை நேரடியாக ஏற்கும் சட்டம் இதுவரை இயற்றப்படவில்லை என்பதை ஒப்புக்கொண்ட அவர், ஏற்கக் கூடாது என்று தடுக்கும் சட்டமும் இல்லை என்று சுட்டிக்காட்டி, குடும்பத்துக்காக உழைத்து வாங்கிய சொத்தில் மனைவிக்குச் சம பங்கு உண்டு என்றார். வீட்டு வேலைக்கே இது பொருந்துமென்றால், கல்லாவில் உட்கார்ந்து விற்றவருக்கு எவ்வளவு கூடுதலாகப் பொருந்தும்! ஆனாலும் ஒவ்வொரு கடைக்காரம்மாவும் உயர் நீதிமன்றப் படியேற முடியாது.

கடைக் காகிதங்களில் பெயரை மாற்றி எழுதினால் போதுமா என்று கேட்பவர்களும் உண்டு. போதாது. சிறு தொழில்களுக்கான முத்ரா கடனை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்ட கணக்குகள் பெண்கள் பெயரில் இருக்கின்றன. அந்தப் பணத்தை எங்கே, எப்படிப் போடுவது என்ற முடிவு அத்தனை வீடுகளிலும் அவர்கள் கையில் இருக்கிறது என்று அந்த எண்ணை வைத்துச் சொல்லிவிட முடியாது. பெயர் இருந்தும் அதிகாரம் இல்லாத நிலையும், அதிகாரம் இருந்தும் பெயர் இல்லாத நிலையும் ஒரே நோயின் இரண்டு முகங்கள். இரண்டு பெயரும் இருக்க வேண்டும், செய்யும் வேலைக்கும் பெயர் இருக்க வேண்டும். பிரான்ஸ் இதைச் செய்து பார்த்திருக்கிறது. கைவினைஞர், வணிகர் ஆகியோரின் வாழ்க்கைத் துணை கடையில் வேலை செய்தால் அவரைக் கூட்டுழைப்பாளர், சம்பளக்காரர், பங்குதாரர் என்ற மூன்றில் ஒன்றாகப் பதியலாம் என்று 1982 ஜூலையில் அங்கே சட்டம் வந்தது. விருப்பமுள்ளவர்கள் மட்டும் பதிந்ததால் பலர் பதியாமலே விட்டார்கள். ஆகவே 2005இல் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். நடுவில், 1989 டிசம்பரில், இன்னொரு விதி வந்தது. சம்பளமோ லாபப் பங்கோ இல்லாமல் பத்து ஆண்டாவது கடையில் நேரடியாக உழைத்தவர், கடை உரிமையாளரான துணை இறந்த பிறகு, வாரிசுப் பங்குக்கு வெளியே, குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளத்தின் மூன்று மடங்கைத் தமக்கு வரவேண்டிய பாக்கியாகச் சொத்திலிருந்து கேட்டுப் பெறலாம். சொத்தில் கால் பங்குக்கு மேல் போகக் கூடாது. உழைத்ததை எந்த வழியிலும் நிரூபிக்கலாம் என்கிறது அந்தச் சட்டம். இப்படி ஒரு விதி இங்கே வருமானால், நம் கடைக்காரம்மா சான்றுக்காக எங்கும் அலைய வேண்டியதில்லை. கல்லாவுக்குக் கீழே, எண்ணெய்க் கறை படிந்த அட்டையோடு, ஆண்டு ஆண்டாக அடுக்கி வைத்திருக்கும் பாக்கி நோட்டுகளை எடுத்துக் கொடுத்தால் போதும். பெரும்பாலான பக்கங்களில் இருப்பது அவர் கையெழுத்து.