பொடிமீனில் சேரும் உலோகங்களும் மீனெருவும்

நெத்திலி, சாளை, காரல் முதலிய பொடிமீன்களை உலர்த்தி நிலத்துக்கு எருவாகவும் கோழிகளுக்குத் தீனியாகவும் உபயோகிப்பது கடலோர ஜில்லாக்களில் நெடுநாளைய வழக்கம். பழைய சென்னை மாகாணத்தில் 1907-ம் ஆண்டு ஏற்பட்ட மீன் இலாகாவின் ஆதி முயற்சிகளுள், மலையாளக் கரையில் சாளையிலிருந்து எண்ணெயும் எருவும் எடுக்கும் தொழிலைச் சீர்செய்வதும் ஒன்று. இம்மீன்களில் பாதரசம், காட்மியம், ஈயம் ஆகிய உலோகங்கள் சேருகின்றன என்று கேள்வியுற்ற குடியானவர், மீனெரு இட்ட வயலின் நெல்லை உண்ணலாமா என்று ஐயுறுவது இயல்பே. உலோகங்கள் யாவற்றையும் ஒன்றாகக் கட்டிப் பேசுவதனாலேயே இதில் குழப்பம் நேருகிறது.

பாதரசம் கழிவுநீர் முதலியவற்றின் வழியே கடலை அடைந்து சேற்றில் தங்குங்கால், ஆங்குள்ள நுண்ணுயிர்கள் அதனை மீதைல் பாதரசம் என்னும் கொடிய பொருளாக மாற்றுகின்றன. இது மீனின் தசையோடு பிணைந்துவிடும். கழுவினாலும் வேகவைத்தாலும் உலர்த்தினாலும் நீங்காது. பொடிமீனைப் பெருமீன் தின்னத் தின்ன, படிதோறும் இதன் அளவு ஏறும். ஆகையால் பல்லாண்டு வாழும் சுறாவில் மிகுதியாகவும், ஓரிரண்டு ஆண்டே வாழும் நெத்திலியில் சொற்பமாகவும் காணப்படும். ஐரோப்பிய ஒன்றியத்தார் சுறாவுக்குக் கிலோவுக்கு 1 மில்லிகிராம் பாதரசம் வரை இடங்கொடுத்து, சாளை, நெத்திலி முதலிய இனங்களுக்கு 2022-ம் ஆண்டில் உச்ச அளவை 0.5-லிருந்து 0.3 மில்லிகிராமாகக் குறைத்ததும் இவ்வியல்பு பற்றியே.

எனினும், பொடிமீன் என்ற ஒன்றை மட்டும் நம்பி இருந்துவிடலாகாது. ஜப்பான் தேசத்து மினமாட்டா விரிகுடாவில் ஒரு ரசாயனத் தொழிற்சாலை 1932 முதல் 1968 வரையில் மீதைல் பாதரசம் கலந்த கழிவுநீரை விட்டுவந்தது. முதலில் அவ்வூர்ப் பூனைகள் தள்ளாடிச் சுழன்று மாண்டன. பின்னர் மனிதருக்கும் கை கால் நடுக்கமும் பேச்சுக் குழறலும் கண்டன. நோய் அதிகாரிகளுக்கு அறிவிக்கப்பட்டது 1956 மே 1-ந் தேதி. குமாமோட்டோ சர்வகலாசாலையார் பாதரசமே காரணம் என்று 1959-ல் கண்டு கூறினர். அரசாங்கம் ஒப்புக்கொண்டதோ 1968-ல். அதுகாறும் கழிவுநீர் நின்றபாடில்லை. தாய் நோய்க்குறி அதிகம் இன்றியிருக்க, வயிற்றிலிருந்த சிசு ஊனமாய்ப் பிறந்ததே இதில் மிகக் கொடியது. அப்பூனைகள் தின்றது ஆழ்கடற் சுறாவன்று, கரையோரத்து மீனே. மீனின் பருமனைப் போலவே அது பிடிபட்ட இடமும் முக்கியம் என்பது இதனால் விளங்கும். தொழிற்சாலைக் கழிவு சேரும் கழிமுகம் உள்ள கிராமத்து அதிகாரிகள், பூனைகளும் பறவைகளும் காரணமின்றி மடிவதைக் கண்டால், அதை அற்பமாக எண்ணாமல் உடனே மேலிடத்துக்கு எழுதுவது அவசியம்.

காட்மியமும் ஈயமும் வேறு இயல்புடையவை. அவை பாதரசத்தைப்போல் படிதோறும் ஏறுவதில்லை. காட்மியம் ஈரலிலும் குடலிலும், ஈயம் எலும்பிலும் தங்கும். பெருமீனில் இவற்றைக் களைந்து சதையை மட்டும் உண்பர். நெத்திலியையோ பலர் முழுதாகவே உண்பர். தலையையும் குடலையும் கிள்ளியெறியும் பெண்டிரின் வழக்கம் இவ்விரண்டையும் குறைக்கும். பாதரசத்துக்கு அது பரிகாரமன்று. மேலும், நாலு கிலோ பச்சை மீன் உலர்ந்து ஏறக்குறைய ஒரு கிலோவாகும்போது நீர் போகுமேயன்றி உலோகம் போகாது. பரிசோதனைச் சீட்டில் உள்ள அளவு பச்சை மீனுக்கா கருவாட்டுக்கா என்று பாராமல் ஒப்பிட்டால், நாலு மடங்கு வீண் பீதியே மிஞ்சும்.

இனி எருவின் கணக்கு. கிலோவுக்கு 1 மில்லிகிராம் காட்மியம் உள்ள மீனெருவை ஏக்கருக்கு 200 கிலோ இட்டதாக வைத்துக்கொண்டால், நிலத்தில் சேருவது 200 மில்லிகிராம். ஓர் ஏக்கரின் மேல்மண், அரையடி ஆழத்துக்கு, சுமார் 900 டன் நிறையுடையது. கிலோ மண்ணுக்கு 0.2 மில்லிகிராம் காட்மியம் இயற்கையாகவே இருந்தால், மொத்தம் 1,80,000 மில்லிகிராம் ஆகிறது. எருவால் கூடியது அதில் ஆயிரத்தில் ஒரு பங்குதான். இதற்கஞ்சி நல்லதோர் எருவைக் கைவிடுவது புத்தியன்று. ஜப்பானில் ஜின்சு நதிப் பாசனத்து நெல்லில் காட்மியம் ஏறி, எலும்பு நோய் பரவியது உண்மையே. ஆனால் அது சுரங்கக் கழிவு வாய்க்கால் நீரோடு வயலில் பாய்ந்ததால் நேர்ந்தது; எருவால் நேர்ந்ததன்று.

கோழித்தீனியில்தான் எச்சரிக்கை அதிகம் வேண்டும். தீனியில் உள்ள மீதைல் பாதரசம் முட்டையின் வெண்கருவில் வந்து சேரும். அம்முட்டையைக் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் உண்பர். ஆகவே தீனிக்கு மீன் வாங்குவோர், எந்தத் துறையில் இறங்கியது என்று வியாபாரியைக் கேட்டு, கழிவுநீர் விழும் கழிமுகத்து மீனை விலை மலிவென்று கொள்ளாதிருக்க வேண்டும். வாங்கிய மீனில் ஒரு பிடியைத் தண்ணீரிலிட்டு, அடியில் தங்கும் மணலையும் உப்பின் கரிப்பையும் பார்த்துக்கொள்வதும் நன்று. உப்பு மிகுந்த கருவாட்டால் குஞ்சுகள் நீர்கோத்து இறப்பதுண்டு.