மேற்பூச்சுக்கு முன் சுவரைப் பாருங்கள்

சிமெண்டு பூசிய உட்சுவரின்மீது இடும் வழவழப்பான மேற்பூச்சு இரண்டு, மூன்று மில்லிமீட்டர் கனமே உடையது. அது நிலைப்பதும் உதிர்வதும் அடியிலுள்ள சுவரைப் பொறுத்ததாகும்.

முதலில் கரணைப் பிடியால் சுவரைத் தட்டிப் பாருங்கள். 'தொம் தொம்' என்று கேட்டால், அவ்விடத்துப் பூச்சு செங்கல்லை விட்டு விலகியிருக்கிறது. அதை வெட்டியெடுத்துப் புதிதாகப் பூசுங்கள். மலேசியாவின் ஈரக் காற்றில் அது காயச் சில நாள் கூடுதலாகவே ஆகும். குத்தகையாளர் அவசரப்படுத்தினாலும் விட்டுக்கொடுக்காதீர்கள். உப்புப் பூத்திருந்தால் உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்தெடுங்கள். கழுவினால் உப்பு கரைந்து மறுபடியும் சுவருக்குள் போய்விடும். திரும்பத் திரும்பப் பூத்தால் எங்கோ நீர் கசிகிறது. அதை அடைக்காமல் பூசுவது வீண் செலவு.

தூசியைத் துடைத்தபின் கையளவு தண்ணீர் தெளித்துப் பாருங்கள். பலர் இதைச் செய்வதேயில்லை. சுவர் சட்டென்று உறிஞ்சிக்கொண்டால், மேற்பூச்சிலுள்ள நீரையும் அவ்வாறே இழுத்துவிடும். பூச்சு இறுகுமுன் காய்ந்து பொடியாகும். அத்தகைய சுவரை முன்கூட்டியே நனைத்து, நீரின் மினுமினுப்பு மறைந்ததும் பூச வேண்டும். தண்ணீர் ஒட்டாமல் வழிந்தோடினாலோ, அங்கே எண்ணெய்ப் பசையோ பழைய சாயமோ இருக்கக்கூடும். அதைச் சுரண்டியெடுத்து, சுவரைக் கொத்திச் சொரசொரப்பாக்கிய பிறகே கரணையைக் கையில் எடுக்கலாம்.