கண்ணாடி உலையும் கொடியடுப்பும்

கண்ணாடித் தொழிலில் எரிபொருள் செலவைக் குறைக்க என்ன வழி என்று கேட்டால், "வேலை இல்லாதப்போ உலையை அணைச்சு வைங்க" என்றுதான் யாரும் சொல்வோம். அந்த ஒரு வழிதான் கண்ணாடிக்காரர்களுக்குக் கிடையாது. உலை குளிர்ந்தால் உள்ளே இருப்பது இறுகிவிடும், செங்கல் வெடிக்கும். ஆர்டர் வந்தாலும் வராவிட்டாலும் உலை எரிந்தாக வேண்டும்.

மணல், சோடா உப்பு, சுண்ணாம்புக்கல் மூன்றையும் உருக்கிக் கண்ணாடியாக்க இயற்பியல் கேட்கும் குறைந்தபட்ச வெப்பம் டன்னுக்கு ஏறத்தாழ 750 யூனிட். நன்றாக நடக்கிற பெரிய பாட்டில் உலைக்கே அதைப்போல ஒன்றரை மடங்கு ஆகிவிடும். சின்ன உலைகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். மிச்ச வெப்பம் சுவர் வழியாகக் கொஞ்சம், புகைபோக்கி வழியாக நிறையப் போகிறது.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த உதாரணம் ஆக்ராவுக்குக் கிழக்கே இருக்கும் ஃபிரோசாபாத். வளையல் ஊர். அங்கே பானை உலைகள்: ஒரே கூரைக்குள் வட்டமாகக் களிமண் பானைகள், ஒவ்வொன்றிலும் ஒரு நிறம். எல்லாம் நிலக்கரியில் ஓடியவை. 1996 டிசம்பர் 30 அன்று எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், தாஜ்மகாலைச் சுற்றிய சுமார் 10,400 சதுர கிலோமீட்டர் பகுதியில் தொழிற்சாலைகள் நிலக்கரியை விட வேண்டும் என்றது. ஃபிரோசாபாத்தும் அதற்குள்தான். எரிவாயுவுக்கு மாறு, இல்லையென்றால் பிழைப்பு போச்சு.

மாறினார்கள். ஆனால் பலர் பழைய உலையிலேயே பர்னரைச் சொருகிக்கொண்டார்கள். கரும்புகை போனது, வெப்பம் பழையபடியே வெளியேறியது, இப்போது விலை கூடிய எரிவாயுவின் வெப்பமாக.

ஒரு கன மீட்டர் எரிவாயு எரிய சுமார் பத்து கன மீட்டர் காற்று வேண்டும். அதில் ஐந்தில் நாலு பங்கு நைட்ரஜன். அது எரிவதில்லை, சும்மா உள்ளே வந்து சூடேறிக்கொண்டு வெளியே போகிறது. நாம் காசு கொடுத்து நைட்ரஜனைக் காய்ச்சி வானத்துக்கு அனுப்புகிறோம், அவ்வளவுதான்.

டெரி நிறுவனம் சுவிஸ் அரசின் உதவியோடு வடிவமைத்த புதிய பானை உலை கைவைத்தது இங்கேதான். வெளியேறும் புகையை ஒரு உலோக அமைப்பு வழியாக விட்டு, அந்தச் சூட்டில் உள்ளே வரும் காற்றை முன்கூட்டியே காய்ச்சுகிறார்கள். நம் வீட்டுக் கொடியடுப்பு மாதிரி. ஒரு வித்தியாசம்: கொடியடுப்பில் தப்பிய சூடு பக்கத்துப் பானைக்குப் போகும், இங்கே அதே அடுப்புக்குத் திரும்பி வருகிறது. யோசனை புதிதல்ல. தப்பும் சூட்டைத் திருப்புவதற்கு ஃபிரெடரிக் சீமென்ஸ் 1856-லேயே காப்புரிமை வாங்கினார். 1862-ல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஃபாரடே ஆற்றிய கடைசி வெள்ளிக்கிழமை உரையே சீமென்ஸ் உலையைப் பற்றித்தான்! அது வளையல் உலைக்கு வந்து சேர இத்தனை காலம் ஆனதற்கு, நிலக்கரி மலிவாகக் கிடைத்தது முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

உடைசல் கண்ணாடியும் உதவும். கலவையில் ஒவ்வொரு 10 சதவீதத்துக்கும் எரிபொருள் 2.5 முதல் 3 சதவீதம் மிச்சம். நிறம் கலந்துவிடக் கூடாது, அதுதான் தலைவலி.

இதோடு கணக்கு முடியவில்லை. உலையிலிருந்து வரும் கண்ணாடிச் சுருளை வெட்டினால் வாய் திறந்த வளையம்தான் கிடைக்கும். அதன் இரண்டு முனைகளையும் காலங்காலமாக வீடுகளில் பெண்கள் மண்ணெண்ணெய்ச் சுடரில் காட்டி ஒட்டினார்கள். இந்த வேலைக்கு அங்கே ஜுடாய் என்று பெயர். காற்றடித்தால் சுடர் ஆடும் என்று ஜன்னலைச் சாத்திக்கொண்டு செய்கிற வேலை. தொழிற்சாலையின் எரிபொருள் பதிவேட்டில் அந்த மண்ணெண்ணெய் ஏறுவதில்லை.