கைக்கு அடங்கும் ரம்பம்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. விடிந்து பார்த்தால் எங்கள் வாசலுக்குக் குறுக்கே இரண்டு தென்னை, மாட்டுக்கொட்டகை மேல் ஒரு வேம்பு. மரம் அறுக்கிற ஆள் யாரும் கிடைக்கவில்லை; கிடைத்த ஒருவருக்காக ஊரே காத்திருந்தது. அரிவாளையும் கோடாலியையும் வைத்துக்கொண்டு வாசலைத் திறக்கவே இரண்டு நாள் ஆயிற்று. அந்த மாதமே ஒரு பெட்ரோல் செயின் சா வாங்கிவிட்டேன்.

அவசரத்தில் வாங்கியது தப்பான மிஷின். 58 சிசி இன்ஜின், செயின் சுற்றி ஓடும் தகடான பார் 22 இஞ்ச். பெரிசாக இருந்தால் வேலை சீக்கிரம் முடியும் என்று நினைத்தேன். முதல் அரைமணி நேரம் வெண்ணெயில் கத்தி போவதுபோலப் போனது. அதற்குப் பிறகு இடது முன்கை நடுங்க ஆரம்பித்தது. நான்காவது மரத்தில் பாரின் நுனி என்னையறியாமல் தாழ்ந்து, பக்கத்தில் கிடந்த கட்டையில் பட்டு எகிறியது. செயின் பிரேக் விழுந்ததால் தப்பித்தேன். அந்த மிஷினை விறகு வெட்டித் தொழில் செய்யும் மாமா பையனிடம் கொடுத்துவிட்டு, 35 சிசிக்குக் குறைவான சின்ன மிஷின் ஒன்று வாங்கினேன். இன்றுவரை தோப்பு வேலை முழுக்க அதில்தான் நடக்கிறது.

வீட்டு உபயோகத்துக்கு மிஷின் வாங்க நினைப்பவர்களிடம் நான் முதலில் பேசுவது எடையைப் பற்றித்தான். வேலையின் கடைசி மரத்தை அறுக்கும்போதும் கை தாங்குகிற மிஷினே உங்கள் மிஷின். முதல் மரத்துக்கு எதுவும் தாங்கும்.

பெட்டியில் அச்சடித்திருக்கும் எடையை அப்படியே நம்ப வேண்டாம். அது பெரும்பாலும் இன்ஜின் பாகத்தின் எடை மட்டும். பார், செயின், பெட்ரோல், ஆயில் எதுவும் அதில் சேராது. 4 கிலோ என்று போட்டிருக்கும் மிஷினில் பாரும் செயினும் மாட்டி, இரண்டு டேங்கையும் நிரப்பினால் ஐந்தரை கிலோ பக்கம் வந்து நிற்கும். கடையில் பாரை மாட்டித் தரச்சொல்லி, இரண்டு கையாலும் இடுப்பு உயரத்தில் இரண்டு நிமிடம் பிடித்துப் பாருங்கள். முன்பக்கம் கீழே இழுத்தால் பார் உங்களுக்கு நீளம். ஜெர்மனியின் ஸ்டில் நிறுவனம் 1950-இல் ஒற்றை ஆள் தூக்கிப் பிடித்து அறுக்கக்கூடிய பெட்ரோல் ரம்பத்தைக் கொண்டுவந்தபோது அதன் எடை 16 கிலோ. இன்று அதில் மூன்றில் ஒரு பங்குக்கு நல்ல மிஷின் கிடைக்கிறது. அந்த வசதியை விட்டுவிட்டு மறுபடியும் கனமானதைத் தேடிப்போக வேண்டியதில்லை.

கொல்லை, தோப்பு வேலைக்கு 30 முதல் 40 சிசி வரை போதும். பார் 14 இஞ்ச், அதிகம் போனால் 16. 14 இஞ்ச் என்பது 35 சென்டிமீட்டர். தென்னையின் அடிப்பகுதியை விட்டுவிட்டால் தண்டு சுமார் 30 சென்டிமீட்டர்தான் இருக்கும். அதைவிடப் பருமனான கட்டை கீழே கிடந்தால் இரண்டு பக்கமிருந்தும் அறுக்கலாம். சின்ன இன்ஜினில் நீளப் பார் போட்டால் செயினை இழுக்கவே அதன் சக்தி தீர்ந்துவிடும்.

வாங்கும்போது இன்னும் இரண்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். முன்கைப்பிடிக்கு முன்னால் உள்ள தடுப்பைத் தள்ளினால் செயின் பிரேக் விழ வேண்டும். அது இல்லாத மிஷின் இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம். உங்கள் ஊரிலோ பக்கத்து டவுனிலோ அந்த மாடலுக்குச் செயின், பிளக், ஏர் ஃபில்டர், ஸ்டார்ட்டர் கயிறு கிடைக்குமா என்று விசாரித்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். பத்து ரூபாய் ரப்பர் குழாய்க்காக மூன்று மாதம் மூலையில் கிடக்கும் மிஷின்கள் எத்தனையோ.

பெரும்பாலான மிஷின்கள் டூ-ஸ்ட்ரோக். பெட்ரோலில் 2டி ஆயில் கலந்தே ஊற்ற வேண்டும். கையேட்டில் 50:1 என்றிருந்தால் ஒரு லிட்டருக்கு 20 மில்லி; 25:1 என்றிருந்தால் 40 மில்லி. தனிக் கேனில் அளந்து ஊற்றிக் குலுக்கிக் கலக்க வேண்டும். டேங்கிலேயே குத்துமதிப்பாக ஊற்றக்கூடாது. ஆயில் இல்லாத பெட்ரோலில் ஓடினால் பிஸ்டன் சில நிமிடங்களிலேயே சீஸ் ஆகிவிடும். இப்போது பங்க்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் சேர்ந்திருக்கிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும்; நாள்பட நின்றால் தண்ணீரோடு சேர்ந்து அடியில் தங்கும்; கார்புரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய ரப்பர் சவ்வையும் கெடுக்கும். அதனால் ஒரு வாரத்து வேலைக்கு வேண்டியதை மட்டும் கலந்துகொள்ளுங்கள். போன வருஷத்துக் கலவையை ஊற்றிவிட்டு மிஷின் சரியில்லை என்று மெக்கானிக்கிடம் தூக்கிக்கொண்டு ஓடுபவர்களே அதிகம்.

இரண்டாவது டேங்க் செயினுக்கான ஆயில். அது திரும்பி வராது. செயினில் பட்டு வெளியேறிக்கொண்டே இருக்கும். பெட்ரோல் டேங்க் ஒருமுறை காலியானால் அதுவும் கிட்டத்தட்டக் காலியாகியிருக்க வேண்டும். அப்படியே இருக்கிறதென்றால் துளை அடைத்திருக்கிறது என்று அர்த்தம். தென்னை அறுத்தால் இது அடிக்கடி நடக்கும். நாரும் தூளும் எண்ணெயோடு குழைந்து களிபோல அப்பிக்கொள்ளும். பாரின் நுனியை ஓர் அட்டைக்கு மேலே தொடாமல் பிடித்து முறுக்கிப் பாருங்கள். அட்டையில் மெல்லிய எண்ணெய்க் கோடு விழுந்தால் சரி. வண்டியில் வடித்த பழைய இன்ஜின் ஆயிலை இதில் ஊற்றுவது ஊர்ப்பழக்கம். அதிலிருக்கும் இரும்புத்துகள் பம்பையும் பாரையும் தேய்க்கும்; சாரல் உங்கள் கையிலும் முகத்திலும் தெறிக்கும். வேண்டாம்.

ஸ்டார்ட் செய்யும்போது மிஷினைத் தரையில் வையுங்கள். பின்கைப்பிடிக்குள் வலது காலை நுழைத்து மிதித்து, இடது கையால் முன்பிடியை அழுத்திக்கொண்டு, பிரேக் போட்ட நிலையில் கயிற்றை இழுக்க வேண்டும். ஒரு கையில் தொங்கவிட்டு இன்னொரு கையால் இழுப்பதைப் பார்த்துப் பழகாதீர்கள். சோக் போட்டு இழுத்ததும் ஒருமுறை இருமினாற்போல் சத்தம் கொடுத்து நிற்கும். அந்த இருமலைக் கவனிக்க வேண்டும். உடனே சோக்கைக் குறைத்து இழுத்தால் பிடித்துக்கொள்ளும். அதைக் கேட்காமல் சோக்கிலேயே பத்து முறை இழுத்தால் பிளக் நனைந்துவிடும். பிறகு கழற்றித் துடைத்துக் காயவைத்துத்தான் மாட்ட வேண்டியிருக்கும்.

இனி செயின். 1946-இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்ற மரம்வெட்டி, ஓர் அடிக்கட்டையில் வண்டுப் புழு ஒன்று மரத்தைக் குடைந்துகொண்டு போவதைக் கவனித்தார். நார் போகும் திசை, குறுக்குத் திசை இரண்டிலும் அது தடையின்றிப் போனது. காரணம், இரண்டு பக்கமும் வளைந்த அதன் தாடைகள். அதே வடிவத்தில் இடமும் வலமும் மாறிமாறி வளைந்த பற்களோடு அவர் ஒரு செயின் செய்தார். நம் கையில் இருப்பது அந்த வழியில் வந்ததுதான். அந்தப் பல் மரத்தைச் சீவி எடுக்க வேண்டும். கீழே விழுவதைக் கையில் அள்ளிப் பாருங்கள்: தேங்காய்த் துருவல்போலச் சீவலாக இருந்தால் செயின் கூராக இருக்கிறது, மாவுபோல விழுந்தால் மழுங்கிவிட்டது. மழுங்கிய செயினை நாம் அழுத்துவோம், அழுத்தினால் கை சோரும், சோர்ந்தால் நுனி தாழும். இலகுவான மிஷின் வாங்கியதன் பயன் முழுவதும் அங்கேயே போய்விடும்.

வேம்பையோ பூவரசையோ அறுப்பதைவிடத் தென்னை அறுக்கையில் செயின் சீக்கிரம் மழுங்கும். வேம்பில் வைரம் நடுவில் இருக்கும்; தென்னையில் கடினமெல்லாம் வெளிச்சுற்றில், நடுவில் சோறு. பல் ஒவ்வொரு முறையும் அந்தக் கடின நாரில்தான் நுழைய வேண்டும். போதாததற்குப் புயலில் விழுந்த மரத்தின் பட்டை இடுக்கெல்லாம் மணல். அறுக்கும் இடத்தைத் தென்னந்துடைப்பத்தால் நாலு தட்டுத் தட்டிவிட்டு ஆரம்பியுங்கள். தரையில் கிடக்கும் கட்டையை முக்கால்வாசி அறுத்து நிறுத்தி, கடப்பாரையால் புரட்டிப் போட்டு மறுபக்கமிருந்து முடியுங்கள். ஓடுகிற செயின் ஒரு நொடி மண்ணைத் தொட்டால் போதும், அரைமணி நேரம் அரம் பிடிக்க வேண்டும்.

அரம் பிடிப்பதை எல்லோரும் கற்றுக்கொள்ளலாம். சின்ன மிஷின்களில் வரும் குட்டைப் பல் செயினுக்குப் பெரும்பாலும் 4 மில்லிமீட்டர் உருண்டை அரம். பல்லின் மேல் 30 டிகிரிக்குக் கோடு போட்டிருப்பார்கள். அதற்கு இணையாக வைத்து உள்ளிருந்து வெளியே தள்ள வேண்டும். இழுக்கும்போது அரத்தைத் தூக்கிவிட வேண்டும். எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கை: மூன்றென்றால் மூன்று. ஒரு பக்கம் கூடிப்போனால் வெட்டு நேராகப் போகாமல் வளையும். எந்தப் பல்லில் ஆரம்பித்தோம் என்று தெரிய, என் அம்மாவிடம் வாங்கிய நெயில் பாலிஷால் ஒரு பல்லில் பொட்டு வைத்திருக்கிறேன்.

புதுச் செயின் நீளும். பாரின் அடியில் தொங்காமல், கையால் இழுத்தால் தாராளமாக ஓடுகிற அளவுக்கு இறுக்க வேண்டும். மாட்டும்போது பாரின் மேற்பக்கத்துப் பற்கள் நுனியைப் பார்த்து நிற்க வேண்டும். திருப்பி மாட்டினால் புகை வருமே தவிர மரம் அறுபடாது.

எனக்கு நடந்த எகிறலுக்கு வருகிறேன். முழுவேகத்தில் செயின் நொடிக்கு 20 மீட்டர் அளவில் ஓடுகிறது. பார் நுனியின் மேல்பாதி எதன்மேலாவது மோதினால் பல் அங்கே மாட்டிக்கொண்டு, அந்த வேகம் முழுவதும் பாரை மேலேயும் உங்கள் முகத்தை நோக்கியும் திருப்பிவிடும். கண்ணிமைக்க நேரம் இருக்காது. இதை மெக்கானிக்குகள் மிஷின் உதைக்கிறது என்பார்கள். நுனியால் அறுக்காதீர்கள், இன்ஜினுக்குப் பக்கத்துப் பாகத்தை மரத்தில் வைத்து அறுங்கள். இடது கைக் கட்டைவிரல் முன்பிடியைச் சுற்றிப் பூட்டியிருக்க வேண்டும். விரலை மேலே வைத்தால் உதைக்கும்போது கை நழுவிவிடும். செயினுக்கு நேர் பின்னால் தலை வராமல் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி நில்லுங்கள். தோளுக்கு மேலே தூக்கி அறுப்பது கூடாது. ஏணியில் நின்று அறுப்பது கூடவே கூடாது. உயரத்துக் கிளைக்கு மரம் ஏறுகிறவரைக் கூப்பிடுங்கள்.

நம் ஊரில் இன்னொரு ஆபத்து, உடை. மடித்துக்கட்டிய வேட்டி, லுங்கி, தோளில் கிடக்கும் துண்டு எதுவும் செயின் பக்கம் வரக்கூடாது. உடம்போடு ஒட்டிய பேன்ட், முன்பக்கம் இரும்பு வைத்த ஷூ, கண்ணாடி, காதுக்கு மூடி. செயின் பட்டால் உள்ளிருக்கும் நார் பிய்ந்து வந்து சக்கரத்தில் சுற்றி நிறுத்திவிடும் கால்கவசம் விற்கிறார்கள். நம் வெயிலில் அதைப் போட்டால் வேர்த்துக் கொட்டும், ஆனாலும் வாங்குங்கள். கூட வேலை பார்ப்பவர் கட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் நம்மிடம் உண்டு. அவர் பத்தடி தள்ளி நிற்கட்டும். அதற்காகவே உடைந்த பெஞ்சில் இரண்டு பெருக்கல் குறி வடிவத் தாங்கி செய்து வைத்திருக்கிறேன்.

சாய்ந்து கிடக்கும் மரத்தை அறுக்குமுன் சுற்றி வந்து பாருங்கள். இரண்டு முனையும் எதன்மீதாவது தாங்கி நடுப்பகுதி தொங்கினால், மேற்பக்கம் நெருங்கியும் கீழ்ப்பக்கம் இழுபட்டும் இருக்கும். மேலிருந்து முழுக்க அறுத்தால் வெட்டு மூடிக்கொண்டு பார் சிக்கிவிடும். மேலே மூன்றில் ஒரு பங்கு அறுத்து நிறுத்தி, மீதியைக் கீழிருந்து மேலாக அறுக்க வேண்டும். ஒரு முனை மட்டும் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருந்தால் இதற்கு நேர்மாறு: முதலில் கீழே கொஞ்சம், பிறகு மேலிருந்து. கீழிருந்து அறுக்கும்போது மிஷின் உங்களை நோக்கித் தள்ளும். அதற்குத் தயாராக நில்லுங்கள். இன்னும் பயங்கரமானது வேரோடு பெயர்ந்த மரம். தண்டை அறுத்ததும் எடை விலகி, வேரும் மண்ணும் படக்கென்று குழிக்குள் திரும்ப உட்காரும். எங்கள் கொட்டகை மேல் விழுந்த வேம்பை மாமா பையன் அறுத்தபோது, ஆளுயரத்துக்கு எழுந்து நின்ற வேர்மண் கண்ணெதிரே சாய்ந்து குழியை மூடிவிட்டது. கொஞ்ச நேரம் முன்புவரை அந்தக் குழியில் கோழிகள் கிளறிக்கொண்டிருந்தன. குழியில் குழந்தைகளோ ஆடுமாடோ இல்லை என்று பார்க்காமல் அந்த வேலையைத் தொடக்கூடாது.

நிற்கிற பெரிய மரத்தைச் சாய்ப்பதை இந்தச் சின்ன மிஷினோடு நீங்களே கற்றுக்கொள்ள முயல வேண்டாம், தெரிந்தவரை வையுங்கள். பனை என்றால் மாவட்ட ஆட்சியர் அனுமதி தேவை என்று 2021-இல் தமிழக வேளாண் பட்ஜெட்டிலேயே அறிவித்திருக்கிறார்கள். சந்தனம் சொந்தக் கொல்லையில் நின்றாலும் வனத்துறையைக் கேட்காமல் தொட முடியாது.

வேலை முடிந்ததும், சூட்டோடு இறுக்கியிருந்த செயினைக் கொஞ்சம் தளர்த்திவிடுங்கள். ஆறும்போது அது சுருங்கும். ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டி, பாரின் பள்ளத்தில் இருக்கும் நாரைக் குச்சியால் வழித்து, அடுத்த முறைக்குப் பாரைத் தலைகீழாக்கி மாட்டினால் இரண்டு விளிம்பும் சமமாகத் தேயும். ஒரு மாதத்துக்கு மேல் வேலை இல்லையென்றால் டேங்கைக் காலி செய்துவிட்டு, மிச்சம் தீர்ந்து தானாக நிற்கும்வரை ஓடவிட்டு எடுத்துவையுங்கள். ஐப்பசி பிறக்குமுன் ஒருநாள் அதை வெளியே எடுத்து, புதுக் கலவை ஊற்றி, ஒரு காய்ந்த மட்டையை அறுத்துப் பார்த்து வைத்துவிடுவது எங்கள் வீட்டு வழக்கம்.