நோயாளி விடைபெறும் நாளே இலக்கு

மார்சிலிங் எம்ஆர்டி நிலையத்திலிருந்து உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி வரையுள்ள வட்டாரத்தில் முதுகுவலிக்குப் பஞ்சமில்லை. விடியும் முன்பே ஜொகூரிலிருந்து மோட்டார்சைக்கிளில் கடற்பாலம் கடந்து வருகிறவர்கள், கட்டுமானத் தளங்களில் கம்பி சுமக்கும் ஊழியர்கள், எழுபதுகளிலும் எண்பதுகளிலும் எழுந்த வீவக வீடுகளிலேயே முதுமை அடைந்தவர்கள், பேரப்பிள்ளையைத் தூக்கித் தூக்கி இடுப்புப் பிடித்துக்கொண்ட பாட்டிமார்கள் என்று எல்லாரும் இங்கே இருக்கிறார்கள். வலி வந்தால் சிலர் பலதுறை மருந்தகத்துக்குப் போவார்கள். சிலர் சீன மருத்துவரிடமும், இன்னும் சிலர் லிட்டில் இந்தியாவின் ஆயுர்வேத நிலையங்களுக்கும் போவார்கள். அந்த வரிசையில் இப்போது கைரோபிராக்டிக்கும் சேர்ந்திருக்கிறது. முதுகெலும்பின் மூட்டுகளைக் கையால் அழுத்திச் சீராக்கும் சிகிச்சை அது. இப்படியொரு வட்டாரத்தில் கைரோபிராக்டிக் கூடம் திறப்பவர் தமக்கு என்ன இலக்கு வைத்துக்கொள்கிறார் என்பதை அவருடைய சொந்த விஷயம் என்று விட்டுவிட முடியாது. அங்கே போகிறவரின் உடம்பையும் பணப்பையையும் தொடும் கேள்வி அது.

அதற்குக் காரணம் சட்டத்தில் இருக்கிறது. சிங்கப்பூரில் மருத்துவர், பல் மருத்துவர், தாதியர் ஆகியோருக்கு அரசாங்கப் பதிவேடு உண்டு. சீன மருத்துவர்களுக்கு 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு கட்டாயம். இயன்மருத்துவர்களை 2011ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டம் பதிவுக்குள் கொண்டுவந்தது. கைரோபிராக்டிக் இந்தப் பட்டியல் எதிலும் இல்லை. தொழில் செய்பவர்களே அமைத்த சங்கம் ஒன்று உண்டு என்றாலும், தவறு செய்தவரின் உரிமத்தைப் பறிக்க அதனால் முடியாது, பறிக்க உரிமமே கிடையாது. கடற்பாலத்துக்கு அப்பால் நிலைமை வேறு. மலேசியா 2016ஆம் ஆண்டின் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டத்தின்கீழ் கைரோபிராக்டிக்கை ஏற்றுக்கொண்ட துறைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. இங்கே ஏமாந்தவருக்குக் கைகொடுப்பது 2003ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டமும் சிறு வழக்குகள் நடுவர் மன்றமும்தான். அவை பணம் போன பிறகு உதவ வருபவை. சிகிச்சை நடக்கும் அறைக்குள் காவலாக நிற்பது கூடத்து உரிமையாளர் தமக்கே விதித்துக்கொண்ட இலக்கு மட்டுமே. ஆகவே ‘எப்படி வெற்றிபெறுவது’ என்ற கேள்வியையும் ‘எது வெற்றி’ என்ற கேள்வியையும் இந்தத் தொழிலில் பிரித்துப் பார்க்க முடியாது.

இந்தச் சிகிச்சையால் எவ்வளவு முடியும் என்பதை முதலில் நேராகப் பார்த்துவிடலாம். 1895இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்து டாவன்போர்ட் நகரில் டி.டி. பாமர் என்பவர் இதைத் தொடங்கியபோது, ஏறக்குறைய எல்லா நோய்க்கும் முதுகெலும்பே காரணம் என்று நம்பினார். அந்த நம்பிக்கை ஆராய்ச்சியின் முன் நிற்கவில்லை. குழந்தைகளின் வயிற்றுவலி போன்றவற்றைக் குணப்படுத்துவதாகச் சொல்வதற்கு ஆதாரமில்லை என்று எழுதியதற்காக அறிவியல் எழுத்தாளர் சைமன் சிங் மீது பிரிட்டிஷ் கைரோபிராக்டிக் சங்கம் அவதூறு வழக்குப் போட்டது. 2010இல் அதே சங்கம் வழக்கை மீட்டுக்கொண்டது. ஆனால் கீழ்முதுகு வலி என்று வரும்போது கதை வேறு. 2020இல் உலகில் 61.9 கோடிப் பேருக்கு அந்த வலி இருந்ததாக மதிப்பீடு. உலகச் சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு வெளியிட்ட வழிகாட்டியில் உடற்பயிற்சி, நோயாளிக்குப் புரியவைத்தல் ஆகியவற்றோடு முதுகெலும்பைக் கையாளும் சிகிச்சையும் இடம்பெற்றது. 2019இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த பெரிய ஆய்வுத் தொகுப்பு, இது மற்ற பரிந்துரைக்கப்பட்ட சிகிச்சைகளுக்கு ஏறத்தாழ இணையாகவே பயன் தருகிறது என்று கண்டது. இணைதான், மேல் அல்ல. கூடவே இன்னொன்றும் உண்மை: புதிதாக வந்த முதுகுவலி பெரும்பாலானோருக்கு முதல் ஆறு வாரத்திலேயே வெகுவாகக் குறைந்துவிடும். நேர்மையாக வேலை செய்ய இங்கே போதுமான இடம் இருக்கிறது. முதல் நாளே நாற்பது வருகைக்குப் பணம் வாங்குவதற்குத்தான் நியாயம் இல்லை.

அப்படியிருந்தும் வருகை எண்ணிக்கையைப் பெருக்கச் சொல்லும் பழக்கம் இந்தத் தொழிலோடு நெடுங்காலமாக வருகிறது. 1951இல் டெக்சஸ் மாநிலத்தில் ஜேம்ஸ் பார்க்கர் தொழில் வெற்றிக்கென்றே பயிலரங்குகளைத் தொடங்கினார். கைரோபிராக்டர்களுக்கு ஊக்கமூட்டுவது, நோயாளியிடம் பேசும் விதம், கூடத்தை நிரப்பும் வழி ஆகியவற்றை அவை கற்றுக்கொடுத்தன. பின்னர் டாலஸ் நகரில் அவர் பெயரில் ஒரு கல்லூரியும் வந்தது. தனியாகத் தொழில் நடத்துபவருக்கு ஊக்கம் தேவை என்று அவர் கண்டது சரியே. கூடம் காலியாகக் கிடக்கும் காலையில் மனம் தளராமல் கதவைத் திறப்பது எளிதல்ல. ஆனால் அந்த மரபிலிருந்து கிளைத்த ஆலோசனை நிறுவனங்கள் பலவற்றில் ஊக்கம் எண்களாகச் சுருங்கியது. வாரத்துக்கு எத்தனை வருகை, ஒரு நோயாளி மொத்தம் எத்தனை முறை வந்தார், எத்தனை பேர் முன்பணம் கட்டிச் சிகிச்சைத் தொகுப்பு வாங்கினார்கள் என்பவையே கணக்காயின. அந்த எண்களை எட்ட உதவும் கருவிகளில் ஒன்று பயம். எக்ஸ்ரே படத்தைக் காட்டி ‘தட்டு தேய்ந்திருக்கிறது’ என்று சொன்னால் யாருக்குத்தான் கை நடுங்காது? ஆனால் 2015இல் வந்த ஒரு தொகுப்பாய்வு வலியே இல்லாத 3,110 பேரின் படங்களை ஆராய்ந்தது. இருபது வயதினரிலேயே 37 விழுக்காட்டினருக்குத் தட்டுத் தேய்மானம் தெரிந்தது, எண்பது வயதினரில் 96 விழுக்காட்டினருக்கு. தலை நரைப்பதைப் போன்ற மாற்றம் அது. அதைக் காட்டி ஓராண்டுத் தொகுப்பு விற்பது சிகிச்சை ஆகாது.

இலக்கு வைப்பதே தவறு என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடக்கூடாது. எட்வின் லாக், கேரி லேதம் என்ற இரு உளவியலாளர்கள் பல பத்தாண்டுகளாகச் சேர்த்த சான்று வலுவானது. தெளிவான, சற்றுக் கடினமான இலக்கு ‘உன்னால் முடிந்ததைச் செய்’ என்று சொல்வதைவிட நல்ல பலன் தருகிறது. மரம் ஏற்றும் லாரி ஓட்டுநர்கள் சட்டம் அனுமதித்த எடையில் சுமார் 60 விழுக்காடே ஏற்றிவந்தார்கள். 94 விழுக்காடு என்று இலக்கு கொடுத்ததும் சம்பளம் கூட்டாமலே ஏற்றும் எடை 90ஐ எட்டியது. இந்தக் கதையைத்தான் ஊக்கப் பேச்சாளர்கள் மேற்கோள் காட்டுவார்கள். இரண்டு விஷயங்களை அவர்கள் விட்டுவிடுகிறார்கள். முதலாவது, லாரியில் மரம் ஏற்றுவது ஏற்கெனவே தெரிந்த வேலை. வேலை சிக்கலாகவும் இன்னும் கற்கவேண்டியதாகவும் இருந்தால், எண் இலக்கு கவனத்தைத் தின்றுவிடும் என்று விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுப் பயிற்சியை வைத்து 1989இல் வந்த ஆய்வு காட்டியது. அத்தகைய வேலையில் ‘இத்தனை வழிகளைக் கற்றுக்கொள்’ என்ற கற்றல் இலக்கே மேலானது என்று பின்னர் லேதமும் அவருடைய சகாக்களும் கண்டார்கள். ஒவ்வொரு முதுகும் வேறு கதை சொல்லும் தொழிலுக்கு இது நேராகப் பொருந்தும். இரண்டாவது, லாரியில் ஏறும் மரத்துக்கு வலிக்காது. எண் இலக்கின் சுமை ஒரு மனிதர்மேல் ஏறும்போது என்ன நடக்கும் என்பதை அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி காட்டியது. ஒரு வாடிக்கையாளருக்கு எட்டுச் சேவைகள் விற்க வேண்டும் என்ற இலக்கின் அழுத்தத்தில் ஊழியர்கள் கேட்காதவர்கள் பெயரில் லட்சக்கணக்கில் கணக்குகளைத் திறந்தார்கள். 2016இல் வங்கிக்கு 18.5 கோடி அமெரிக்க டாலர் அபராதம் விழுந்தது. அந்த ஊழியர்களில் பெரும்பாலோர் கெட்ட எண்ணத்தோடு வேலைக்குச் சேர்ந்தவர்களாக இருக்க முடியாது. அவர்களை அங்கே கொண்டு நிறுத்தியது இலக்கு.

ஊக்கத்துக்கும் இதே கதிதான். வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் சேர்ந்த 11,000க்கும் மேற்பட்ட மாணவர்களின் நோக்கங்களை ஆராய்ந்த கட்டுரை 2014இல் வெளிவந்தது. நல்ல அதிகாரியாக வேண்டும் என்ற உள்ளார்ந்த நோக்கத்தோடு வந்தவர்கள் சிறப்பாகத் தேறினார்கள். அதே நோக்கத்தோடு நல்ல வேலை, வருமானம் போன்ற வெளி நோக்கமும் பலமாக இருந்தவர்கள் அவர்களைவிடப் பின்தங்கினார்கள். இரண்டு எஞ்சின் இருந்தால் வேகம் கூடும் என்று நினைப்போம். ஆனால் ஒன்று மற்றொன்றின் இழுவையைக் குறைத்தது. கூடம் நடத்துபவருக்கு இதில் ஒரு செய்தி இருக்கிறது. பணம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. தினமும் காலையில் எழுப்பிவிடும் காரணமாகப் பணத்தை வைத்துக்கொண்டால், கையில் இருக்கும் திறமையே மெல்ல மங்கும்.

இதற்கு வரும் முதல் எதிர்க்கேள்வி வாடகை. சிங்கப்பூரில் கடை வாடகை, ஊழியர் சம்பளம், படித்த கடன் எல்லாம் மாதக் கடைசியில் வந்து நிற்கும். ஆஸ்திரேலியாவிலோ அமெரிக்காவிலோ ஆண்டுக்கணக்கில் படித்துப் பட்டம் பெற்றவருக்கு அந்தக் கடன் சிறியதல்ல. நோயாளியைச் சீக்கிரம் அனுப்பிவிட்டால் கூடம் எப்படி ஓடும் என்று கேட்பது நியாயமே. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மாதம் முப்பது புதியவர்கள் வந்து, ஒவ்வொருவரும் ஆறு முறை வந்து குணமடைந்தால் 180 வருகைகள். பத்துப் பேரை மட்டும் பிடித்து அவர்களைப் பதினெட்டு முறை வரவைத்தாலும் அதே 180தான். வேறுபாடு அடுத்த ஆண்டில் தெரியும். முதல் கூடத்திலிருந்து ஆண்டுக்கு 360 பேர் நலமாக வீட்டுக்குப் போயிருப்பார்கள். மார்சிலிங் போன்ற குடியிருப்பில் அவர்கள் ஒரே மின்தூக்கியில் ஏறுகிறார்கள், ஒரே காப்பிக்கடையில் உட்காருகிறார்கள். இரண்டாவது கூடத்தின் 120 பேரில் ஏமாந்த உணர்வோடு போனவர்களும் அதே காப்பிக்கடையில்தான் பேசுவார்கள். முதல் வழியில் புதியவர்கள் வர நாளாகும் என்பது உண்மை. அந்தக் காலத்தைத் தாங்கும் சேமிப்பு கையில் சேரும்வரை பெரிய கடைக்கு ஒப்பந்தம் போடாமல் இருப்பதும் இலக்கு வைப்பதில் ஒரு பகுதியே.

இரண்டாவது எதிர்க்கேள்வி கனமானது. சிலருக்கு வலி திரும்பத் திரும்ப வருகிறது, அவர்களை விட்டுவிடலாமா? கூடாது. 328 பேரை வைத்து சுவீடனில் நடந்து 2018இல் வெளிவந்த சோதனை இதற்குப் பதில் தருகிறது. முன்கூட்டியே திட்டமிட்டுப் பராமரிப்புச் சிகிச்சை பெற்றவர்களுக்கு, வலி வந்தபோது மட்டும் வந்தவர்களைவிட ஓராண்டில் தொல்லை தந்த நாள்கள் சுமார் 13 குறைந்தன. அதற்காக அவர்கள் கூடுதலாக வந்தது சராசரி இரண்டு முறைக்கும் குறைவு. அதுமட்டுமல்ல, சோதனையில் சேர்க்கப்பட்டவர்கள் வலி மீண்டும் மீண்டும் வருகிறவர்கள், முதல் சில சிகிச்சைகளிலேயே நன்கு தேறியவர்கள். அதாவது பராமரிப்புச் சிகிச்சைக்கு இடம் உண்டு, யாருக்கு என்பதும் ஓரளவு தெரியும். எல்லாருக்கும் வாரம் இருமுறை என்று விற்பதற்கு இந்தச் சோதனையைச் சான்றாகக் காட்ட முடியாது.

அப்படியானால் எதை எண்ணலாம்? நோயாளி தாமே வைக்கும் இலக்கு முதலில் வரட்டும். ஒருவருக்கு மோட்டார்சைக்கிளில் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும், இன்னொருவருக்குக் குனிந்து காலணி போட வேண்டும், பாட்டிக்குப் பேரனைத் தூக்க வேண்டும். முதுகுவலியால் அன்றாட வாழ்க்கை எவ்வளவு முடங்குகிறது என்று அளக்க 24 எளிய வரிகள் கொண்ட ரோலண்ட்–மாரிஸ் வினாத்தாள் 1983 முதல் இருக்கிறது. முதல் நாளும் நான்காவது வாரமும் அதை நிரப்பச் செய்தால் தேறியவர் யார், தேறாதவர் யார் என்று தெரிந்துவிடும். மாதந்தோறும் எத்தனை பேர் தங்கள் இலக்கை எட்டி விடைபெற்றார்கள் என்பதைச் சுவரில் எழுதி வைக்கலாம். எத்தனை பேரைத் தக்க சமயத்தில் மருத்துவரிடம் அனுப்பினோம் என்பதையும் எழுதலாம். சிறுநீர் கட்டுப்பாடு போவது, தொடையிடுக்கில் மரத்துப்போவது, காரணமின்றி எடை குறைவது போன்ற அறிகுறிகளோடு வருபவர்மேல் கை வைக்காமல் அனுப்பத் தெரிந்திருக்க வேண்டும். 2023 டிசம்பரில் சேவையைத் தொடங்கிய உட்லண்ட்ஸ் சுகாதார வளாகம் மார்சிலிங்கிற்கு அருகிலேயே இருக்கிறது. தேறாதவர்களின் கோப்புகளை மாதம் ஒருமுறை எடுத்துப் படித்து, எதைத் தவறவிட்டோம் என்று தேடுவதே லேதம் சொன்ன கற்றல் இலக்கு. ஊக்கம் வற்றிப்போன மாதங்களிலும் இந்த வேலை ஒருவரை நிமிர்த்தி வைக்கும். ஏனென்றால் கற்றதன் பலன் அடுத்த நோயாளியிடமே தெரிகிறது.

எனவே முதுகைப் பிடித்துக்கொண்டு இப்படியொரு கூடத்துக்குள் நுழையும் வாசகருக்கு ஒரு வேண்டுகோள். மெடிசேவ் இதற்கு உதவாது, கையிலிருந்து கொடுப்பது உங்கள் வெள்ளி. தொகுப்புக்குக் கையெழுத்துப் போடும் முன் இரண்டே கேள்விகள் கேளுங்கள்: எனக்குக் குணமாகிறது என்பதை எதை வைத்துத் தெரிந்துகொள்வோம்? எப்போது நான் வருவதை நிறுத்தலாம்? இரண்டுக்கும் நேரான பதில் கிடைத்தால் உட்காருங்கள். கிடைக்காவிட்டால் நன்றி சொல்லிவிட்டு எழுந்து, பலதுறை மருந்தகத்துக்கோ உங்கள் குடும்ப மருத்துவரிடமோ போங்கள்.