காட்டைத் தோட்டமாக்கிய பெண்களுக்கு ஊர் எது?

சங்கரன்கோவில் வட்டாரத்தின் தலித் குடும்பங்கள் பலவற்றுக்கு மூணாறில் உறவுகள் உண்டு. அவ்வுறவின் வேர் ஒரு குடியேற்ற வரலாறு. அதில் பெண்களின் இடம் இன்னும் எழுதப்படவில்லை என்பதே நம் வாதம்.

1877 ஜூலை 11 அன்று பூஞ்சாறு அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலைகளை ஜான் டேனியல் மன்றோ பெற்றார். காட்டை அழித்துத் தோட்டமாக்க ஆட்கள் தேவைப்பட்டனர். சாதியும் வறட்சியும் நெருக்கிய மானாவாரிக் கிராமங்களில் கங்காணிகள் முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்தனர். மலையேறிய பெண்கள் பகலில் கொழுந்து எடுத்தனர். விடியலிலும் இரவிலும் லயத்து அறைகளைக் குடும்பமாக்கினர். துரைமாரின் பெயர்கள் வரலாற்றில் நிலைத்தன. இவர்களுடையவை கூலிப் பதிவேட்டோடு நின்றன.

சட்டமும் அவ்வாறே நின்றது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு, மருத்துவம், குழந்தைகள் காப்பகம் ஆகியவற்றைக் கட்டாயமாக்கியது. ஆனால் அந்த வீடு வேலையோடு பிணைந்தது. ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். கேரள நிலச் சீர்திருத்தச் சட்டம், 81ஆம் பிரிவின்படி, தோட்டங்களுக்கு உச்சவரம்பிலிருந்து விலக்களித்தது. 1971இல் கண்ணன் தேவன் நிலங்களை அரசு மீட்டபோதும் பயிரிடப்பட்ட தோட்டங்கள் நிறுவனத்திடமே இருந்தன. உழைத்தவளுக்கு ஒரு சென்ட் நிலமும் எழுதப்படவில்லை.

நிலமின்மை சாதிச் சான்றிதழையும் பாதிக்கிறது. வேறு மாநிலத்துக்குப் புலம்பெயர்ந்தவர் அங்கே பட்டியல் சாதி இடஒதுக்கீடு கோர முடியாது என உச்ச நீதிமன்றம் 1990இல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் கூறியது. எனவே 1950க்கு முன்பே குடும்பம் அங்கு வாழ்ந்ததை மெய்ப்பிக்க வேண்டியுள்ளது. பட்டா இல்லாதவர் எதைக் காட்டுவார்? பாட்டி வெட்டிய காடு ஆவணமாகாது.

2015 செப்டம்பரில் 'பெம்பிளை ஒருமை' என்ற பெயரில் பெண்கள் தொழிற்சங்கத் தலைவர்களையும் விலக்கிவிட்டு வீதிக்கு வந்து, 20 விழுக்காடு போனஸ் கோரி வென்றனர். கூலிக் கோரிக்கைக்கு அப்பால், பல தலைமுறை மௌனம் உடைந்த தருணம் அது.

அடுத்த கட்டம் ஆவணப் போராட்டம். பழைய பள்ளிப் பதிவேடு, தேவாலய ஞானஸ்நானப் பதிவேடு, தோட்டக் கூலிப் பதிவேடு ஆகியவற்றைத் தேடித் திரட்டுவது மாணவர்களால் இயலும் பணி. மூதாட்டிகளின் நினைவு இருக்கும்போதே அதைத் தொடங்குவோம்.